கஞ்சி, காஜா, கஃப்லிங்க்

சட்டையில் இருக்கும் பொத்தான்களிலேயே கைப்பட்டிப் பொத்தான்தான் வம்பு பிடித்தது. நெஞ்சுப் பக்கப் பொத்தானைப் போட இரண்டு கைகள் இருக்கின்றன. ஒன்று துளையை விரித்துப் பிடிக்கும், இன்னொன்று பொத்தானைத் தள்ளும். மணிக்கட்டுக்கு வந்தால் கணக்கு மாறிவிடுகிறது. பூட்ட வேண்டிய கை உதவிக்கு வராது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கையே பிடிக்கவும் வேண்டும், தள்ளவும் வேண்டும். வலது கைப்பட்டியைப் பூட்டும்போது பல்லையோ வயிற்றையோ மேசை விளிம்பையோ நாம் துணைக்கு அழைப்பது இதனால்தான். சந்தேகம் இருந்தால் நாளைக் காலை போட்டுப் பாருங்கள்.

கஃப்லிங்கை நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துப் பழகியவர்களுக்கு அது ஆண்களுக்கென்று மிச்சம் விடப்பட்ட சின்ன ஆடம்பரமாகத் தெரியும். கல்யாண மாப்பிள்ளை, வழக்கறிஞர், வங்கி அதிகாரி, அவ்வளவுதான் அதன் உலகம். அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். முன்பக்கம் நகை, பின்பக்கம் ஒரு குட்டி இயந்திரம். 300 ஆண்டுகளுக்கு மேலாக அந்த முதுகு மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இந்தச் சட்டையைத் துவைப்பது யார், இதை உடுத்திவிடுவது யார் என்ற இரண்டு கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்குப் பதில் மாறும்போதெல்லாம் அதுவும் மாறியிருக்கிறது என்பது என் எண்ணம்.

மணிக்கட்டைப் பூட்டிக்கொள்ளும் ஆசை என்னவோ இந்தச் சட்டையைவிடப் பழையது. இங்கிலாந்தின் கிழக்கே நார்ஃபோக், சஃபோக் வட்டாரங்களில் 5ஆம், 6ஆம் நூற்றாண்டுக் கல்லறைகளைத் தோண்டிய தொல்லியலாளர்கள், பெண்களின் மணிக்கட்டுகள் இருந்த இடத்தில் ஜோடி ஜோடியாகச் செம்புக் கலவைத் தகடுகளைக் கண்டெடுத்தார்கள். ஒரு தகட்டில் கொக்கி, மறு தகட்டில் அது நுழையும் கண். இரண்டும் சட்டைக்கையின் இரு விளிம்புகளில் தைக்கப்பட்டவை. ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வழக்கம் இது. அங்கே ஆண்களும் அணிந்தார்கள். கடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்ததும் பெண்களின் உடையோடு நின்றுவிட்டது. கொக்கிக்கு உயிர் கொடுப்பது இழுவிசை. துணி இறுக்கமாக இழுத்துப் பிடிக்கும்வரை அது நிற்கும், தளர்ந்தால் கழன்றுவிடும். ஒரு கையால் மாட்டுவதும் அப்படியொன்றும் கஷ்டமில்லை. 6ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் கொக்கிகள் கல்லறைகளிலிருந்து காணாமல் போய்விடுகின்றன.

அதற்குப் பிறகு பல நூற்றாண்டுகள் தாண்டித்தான் நம் கதை மறுபடி தொடங்குகிறது. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியக் கனவான்களின் சட்டைக்கை நுனியில் சரிகைப் பின்னல் தொங்கும். அதன் பிளவை ஒரு நாடாவால் கட்டுவார்கள். நாடாவை ஒற்றைக் கையால் முடிச்சுப் போட முடியாது. முடியவேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. கட்டிவிட வேலைக்காரன் இருந்தான். அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் நாடாவின் இடத்துக்கு இரண்டு சிறிய பொத்தான்கள் வருகின்றன. இரண்டையும் ஒரு குட்டைச் சங்கிலி இணைத்திருக்கும். கிரீடத்தின் கீழ் இரண்டு இதயங்கள் பொறித்த வெள்ளிப் பொத்தான்கள் இங்கிலாந்து வயல்களில் உலோகத் துழாவியோடு அலைபவர்களுக்கு இன்றும் கிடைக்கின்றன. 1662ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் போர்ச்சுகல் இளவரசி கேத்தரினை மணந்ததன் நினைவாகச் செய்யப்பட்டவை என்று அவற்றைக் கருதுகிறார்கள். பம்பாயைச் சீதனமாகக் கொண்டுவந்த அதே கேத்தரின்.

போர்ச்சுகீசியரைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு சின்ன விலகல். நம்முடைய ‘பொத்தான்’ அவர்களுடைய சொல். ஜன்னல், சாவி, அலமாரியெல்லாம் வந்த கப்பலில் அதுவும் வந்து இறங்கியது. தையல்காரர்கள் பொத்தான் துளையைக் ‘காஜா’ என்பார்கள். போர்ச்சுகீசில் பொத்தான் துளைக்குப் பெயர் ‘காசா’, அதாவது வீடு. காஜா அங்கிருந்து வந்ததுதான். மலாய்க்காரர்கள் சட்டையைக் ‘கெமேஜா’ என்பதும் அவர்களுடைய ‘கமீசா’விலிருந்துதான். பொத்தானுக்கு அது போய் அடையும் துளைதான் வீடு என்று யோசித்த தையல்காரன் யாரோ, நல்ல ரசிகன்.

அந்த வீட்டுக்குள் பொத்தான் எப்படிப் போகிறது என்பதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது. ஒரு வட்டத் தகட்டை உண்டியல் துளையில் காசு போடுவதுபோல விளிம்பு வழியாக நுழைக்கலாம். நுழைந்த பிறகு அதன் நடுவிலிருக்கும் சங்கிலி இழுக்க, தகடு திரும்பிப் படுத்துவிடும். படுத்துவிட்டால் வந்த வழியே வெளியேற முடியாது. மெலிந்த பக்கத்தைக் காட்டி உள்ளே போ, 90 பாகை திரும்பு, அகலமான பக்கத்தைக் காட்டி அடைத்துக்கொள். அந்தச் சங்கிலி இணைப்பிலிருந்து இன்று கடையில் விற்கும் கஃப்லிங்க் வரை பெரும்பாலானவை இந்த ஒரே தந்திரத்தின் வேறு வேறு நிறைவேற்றங்கள். நம் பெண்களின் தோட்டுத் திருகாணி வேறு வழியில் போகிறது. அது மரையைச் சுற்றி ஏறி உராய்வால் நிற்பது. காது மடல் மெத்தென்று இருக்கும், திருகாணி பொருந்தும். விறைத்த துணியோ நான்கு அடுக்காக நின்று முறைக்கும்.

18ஆம் நூற்றாண்டில் இந்த ஜோடிப் பொத்தான்கள் மன்னர் வீட்டுச் சாமானாக மட்டும் இருக்கவில்லை. அமெரிக்கக் காலனிகளில் நடந்த அகழாய்வுகளில் போர்வீரர் முகாம், மதுக்கடை, அடிமைகளின் குடியிருப்பு என்று எல்லா இடத்திலும் அவை கிடைத்திருக்கின்றன. வெள்ளீயக் கலவையிலோ பித்தளையிலோ வார்த்து, முகப்பில் ஒரு கண்ணாடித் துண்டைப் பதித்து, பின்னால் இருக்கும் கண்களைக் கம்பியால் கோத்துவிட்டால் வேலை முடிந்தது. பணக்காரனுக்கு வைரம், மற்றவனுக்குக் கண்ணாடி. முதுகுப் பக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

சரி, சங்கிலியும் கண்ணும் எதற்கு? பொத்தானைச் சட்டையிலேயே தைத்துத் தொலைத்திருக்கலாமே? இங்கேதான் கஞ்சி வருகிறது. 19ஆம் நூற்றாண்டில் நாகரிக மனிதனின் கழுத்தும் மணிக்கட்டும் அட்டைபோல விறைத்து நிற்கவேண்டியிருந்தது. அழுக்கு முதலில் ஏறுவதும் அந்த இரண்டு இடங்களில்தான். கொதிக்க வைத்து, வெளுத்து, கஞ்சியில் முக்கி, காய்ந்த பின் கனத்த இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்க்கும் வேலையில் தைத்த பொத்தான் ஒன்று நொறுங்கும், அல்லது துணியில் தடம் பதித்துவிடும். அலங்காரப் பொத்தானைத் துணியிலிருந்து பிரித்துவைத்தால்தான் சட்டை துவைக்கிறவரின் கைக்குப் போகலாம், பொத்தான் வீட்டிலேயே பத்திரமாக இருக்கலாம். கஃப்லிங்கின் கழற்றக்கூடிய தன்மையை அழகுக்கான ஏற்பாடாகச் சொல்கிறவர்கள் உண்டு. சலவைக்கான ஏற்பாடாகப் பார்த்தால் அதன் வடிவம் இன்னும் நன்றாக விளங்குகிறது.

அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். நியூயார்க் மாநிலத்தில் டிராய் என்ற ஊரில், 1827ல், ஹன்னா லார்ட் மொன்டேகு என்ற பெண்மணி கணவரின் சட்டையிலிருந்து அழுக்குக் காலரை மட்டும் வெட்டியெடுத்துத் துவைத்து மறுபடி இணைத்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். முழுச் சட்டையைத் துவைத்துத் துவைத்து அலுத்துப்போன கை அது. சில ஆண்டுகளில் கழற்றி மாட்டும் காலரும் கைப்பட்டியும் டிராயின் பெருந்தொழிலாகின. ஊருக்கே ‘காலர் நகரம்’ என்று பெயர். புதுக் காலர்களைக் கடைக்கு அனுப்பும் முன் துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்க்கப் பெரிய சலவைக்கூடங்கள் எழுந்தன. உள்ளே நின்றவர்கள் பெரும்பாலும் ஐரிஷ் பெண்கள். வெளுப்பதற்கு ரசாயனம், பக்கத்திலேயே கொதிநீர், தேய்ப்பதற்கு நெருப்பில் காய்ந்த இரும்பு, நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம்.

அவர்களில் ஒருத்தி கேட் முல்லனி. அயர்லாந்தில் பிறந்தவள், குடும்பத்துக்குச் சோறு போடச் சலவைக்கூடத்துக்குப் போனவள். 1864 பிப்ரவரியில் அவளும் தோழிகளும் காலர் சலவைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, சுமார் 300 பெண்களோடு வேலையை நிறுத்தினார்கள். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முதலாளிகள் இறங்கி வந்து ஏறக்குறைய கால்வாசி கூலியை உயர்த்தினார்கள். அமெரிக்காவில் பெண்களே நடத்தி நிலைத்து நின்ற முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். 1869ல் மறுபடி வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் அசையவில்லை. துவைக்கவே தேவைப்படாத காகிதக் காலர்கள் அதற்குள் சந்தைக்கு வந்திருந்தன. சங்கம் கலைந்தது. பிறகு செல்லுலாய்ட் வந்தது. குமாஸ்தாக்கள் செல்லுலாய்டு கைப்பட்டியை மாலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுநாள் அதையே மாட்டிக்கொண்டு போனார்கள். சீக்கிரம் தீப்பற்றும் பொருள் அது. அடுப்புப் பக்கம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

நம் பக்கம் அந்தக் கஞ்சிச் சட்டைகள் டோபியிடம் போயின. சிங்கப்பூரின் டோபி காட் இன்று மூன்று ரயில் தடங்கள் சந்திக்கும் நிலையம். ஒரு காலத்தில் அங்கே ஓடிய ஓடையில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்தார்கள், பக்கத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். காலனிய அதிகாரிகளும் அவர்களைப் பார்த்து அரசாங்கக் கிராணிகளும் அணிந்த உடை ஒன்று உண்டு. வெள்ளைத் துணியில், கழுத்துவரை மூடிய ‘துத்துப்’ கோட்டு. மலாயில் துத்துப் என்றால் மூடியது. பழைய குழுப் படங்களில் யாழ்ப்பாணத்துக் கிராணிகள் இப்படி வெள்ளையும் சொள்ளையுமாக விறைத்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெப்ப நாட்டு வெள்ளைக் கோட்டின் உலோகப் பொத்தான்களைத் தைப்பதில்லை. பொத்தானின் பின்னால் ஒரு கண் இருக்கும். இருபுறமும் காஜா எடுத்த துணி வழியே அதைத் தள்ளி, உட்பக்கத்தில் சாவிக்கொத்து வளையம் போன்ற ஒரு குட்டி வளையத்தை மாட்டிவிடுவார்கள். கல்லில் அடித்துத் துவைக்கும் டோபியிடம் பித்தளைப் பொத்தானோடு கோட்டைக் கொடுத்தால் கோட்டும் போகும், பொத்தானும் போகும். கடற்படையினரின் வெள்ளைச் சீருடையில் இந்த வளையத்தை இப்போதும் பார்க்கலாம்.

துவைப்பவருக்கு இப்படி ஒரு வழி பிறந்தது. உடுத்துகிறவன் பாடு? கஞ்சி போட்ட கைப்பட்டியின் காஜா ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் குத்தித் திறந்து, இரண்டு மடிப்பு, நான்கு அடுக்கு, நான்கு காஜா எல்லாவற்றையும் ஒரே நேர்கோட்டில் பிடித்துச் சங்கிலியைக் கோக்கவேண்டும். வேலைக்காரன் இருப்பவனுக்கு இது ஒரு பொருட்டில்லை. கையை நீட்டினால் போதும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளைக் கைப்பட்டி அணியக் கட்டாயப்படுத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் வாடகை அறையில் தனியாக இருந்த குமாஸ்தாக்களும் கடைச் சிப்பந்திகளும். அவர்களுக்கு ஒற்றைக் கையால் பூட்டும் பொறி தேவைப்பட்டது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் பொத்தான் வடிவமைப்புகள் குவிந்த காலம் இது.

அவற்றில் புகழ்பெற்றது நியூஜெர்சி, நெவார்க்கைச் சேர்ந்த ஜார்ஜ் கிரெமென்ட்ஸ் 1884ல் காப்புரிமை பெற்ற காலர் பொத்தான். கைப்பட்டிக்கும் காலருக்கும் அன்று பயன்பட்டவை ஒரே குடும்பத்துப் பொத்தான்கள்: ஒரு தட்டையான அடி, ஒரு தண்டு, ஒரு தலை. மூன்றையும் தனித்தனியே செய்து பற்றவைப்பார்கள். பற்றவைத்த இடம்தான் முதலில் விட்டுப்போகும். விட்டுப்போவதும் சரியாக ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில்தான். கிரெமென்ட்ஸ் செய்த பொத்தானில் இணைப்பே கிடையாது. ஒரே தகட்டை அச்சில் அழுத்தி அழுத்தி நடுவில் குழாய்போல இழுத்து, குழாயின் நுனியைக் குமிழாக அமுக்கிவிட்டார். துப்பாக்கித் தோட்டாவின் உறையைத் தகட்டிலிருந்து இழுத்துச் செய்வார்களே, அதே வகை வேலை. உள்ளே பொள்ளல், ஆகவே தங்கமும் மிச்சம். விளிம்பில் கூரில்லை, ஆகவே காஜா கிழியாது.

ஒரு போட்டி நிறுவனம் அதையே செய்து விற்க, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போனது. ஒற்றைத் துண்டாகப் பொத்தான் செய்வது முன்பே தெரிந்ததுதான், இதில் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை என்று கீழ் நீதிமன்றம் தள்ளியிருந்தது. 1893ல் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. பொள்ளலான தலையும் பொள்ளலான தண்டும் இணைப்பில்லாமல் ஒரே தகட்டில் வருவது புதிதுதான் என்று ஏற்றுக்கொண்டது. விற்பனையில் வெற்றி பெற்றதாலேயே ஒன்று கண்டுபிடிப்பாகிவிடாது, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக நிற்கும்போது மக்கள் ஆர்வமாக வாங்கியதையும் தராசில் வைக்கலாம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் காலர் பொத்தானைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வரும். தீர்ப்பைப் படித்தால் சிரிப்பு அடங்கிவிடும். ‘புதுமை’ என்றால் என்ன என்று இலக்கியத்தில் நாம் போடும் சண்டைகளைவிட அதில் தெளிவு அதிகம்.

இன்று கடையில் நீங்கள் பார்க்கும் சாதாரண கஃப்லிங்க் இன்னொரு கிளை. முகப்புத் தட்டின் பின்னால் ஒரு கால். காலின் நுனி இரண்டு கிளையாகப் பிரியும். நடுவில் தோட்டா வடிவத்தில் ஒரு குறுக்குத் தண்டு ஆணியில் மாட்டியிருக்கும். தண்டைக் காலோடு நேராக வைத்துத் துளைகளுக்குள் ஒரே குத்தாகத் தள்ளி, மறுபக்கம் வந்ததும் விரலால் குறுக்கே தட்டிவிட்டால் பூட்டிக்கொள்ளும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? காலின் உள்ளே மெல்லிய எஃகுப் பட்டை ஒன்று வில்லாகக் கிடக்கிறது. ஆணியைச் சுற்றியுள்ள தண்டின் பகுதி உருண்டையாக இருக்காது, சதுர முகங்களாகச் சீவப்பட்டிருக்கும். ஒரு முகம் வில்லின் மேல் படுத்திருக்கும்வரை தண்டு அசையாது. திருப்பினால் சதுரத்தின் முனை வில்லை அமுக்கும். முனை தாண்டியதும் அடுத்த முகம் பொத்தென்று படுக்கும். 0 பாகையிலும் 90 பாகையிலும் மட்டும் நிம்மதி; நடுவில் எங்கே விட்டாலும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஓடிவிடும். பழைய சங்கிலித் தகட்டைத் திரும்பிப் படுக்கவைத்தது சங்கிலியின் இழுப்பு. இங்கே அந்த வேலையை ஒரு வில் செய்கிறது. வேலைக்காரனின் இரண்டாவது கை ஒரு எஃகுப் பட்டையாக மாறிப் பொத்தானுக்குள் போய்விட்டது என்று சொல்லலாம்.

இதற்கு விலை இல்லாமலில்லை. சதுர முனைகள் தேயத் தேய ‘டிக்’ தளர்ந்துவிடும். பிறகு தண்டு தானாகத் திரும்பி நேராகும், கஃப்லிங்க் ஒரு நாள் சோற்றுப் பந்தியில் காணாமல் போகும். உடம்பு பித்தளை, வில் எஃகு என்பதால் நம் ஊர் வேர்வையில் முதலில் துருப்பிடிப்பது வில். அழகிலும் நஷ்டம். சங்கிலி இணைப்பில் கைப்பட்டியின் இரண்டு பக்கமும் முகப்புத்தான். குறுக்குத் தண்டு வைத்ததில் உட்பக்கம் வெறும் இரும்பு சாமான். வசதி படைத்தவர்களின் நகைக்கடைகள் இன்றும் சங்கிலியை விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே காரணம். மாட்டக் கஷ்டமாக இருப்பதே அதன் கௌரவமும்.

1920களில் மாசசூசெட்ஸ், ஆட்டில்பரோவில் பேயர் அண்ட் வைல்ட் என்ற நிறுவனம் ‘கம்-எ-பார்ட்’ என்ற கைப்பட்டிப் பொத்தானை விற்றது. பின்னாளில் ஸ்வாங்க் என்று பெயர் மாறிய நிறுவனம். ஜோடியில் ஒரு பாதியில் குமிழ், மறு பாதியில் அதைக் கவ்வும் வில் பொருத்திய குழி. இதில் எனக்குப் பிடித்த விஷயம், வேலையின் நேரத்தையே அது மாற்றிவிட்டது. சட்டை கட்டிலில் கிடக்கும்போதே, இரண்டு கையும் சும்மா இருக்கும்போதே, இரு பாதிகளையும் காஜாவில் மாட்டி வைக்கலாம். அணிந்த பிறகு ஒரு அமுக்கு, சட்டைக்கையைச் சுருட்ட ஒரு இழுப்பு. அந்தக் காலத்தில் கைப்பட்டியும் மென்மையாகிக்கொண்டிருந்தது; கஞ்சி இறங்க இறங்க இது போதுமானதாக இருந்தது.

அமுக்குப் பொத்தான் ஜெர்மனியின் நகைத்தொழில் ஊரான ஃபோர்ட்ஸ்ஹைமில் ஹெரிபெர்ட் பாவர் 1885ல் காப்புரிமை பெற்றது. அதைச் சட்டைக்கைக்கு முழுமையாகக் கொண்டுவந்தவர் டென்வரில் ராக்மவுண்ட் நிறுவனத்தை 1946ல் தொடங்கிய ஜாக் வைல். மாடு மேய்ப்பவனின் சட்டைக்கை சேணத்திலோ முள்ளிலோ மாட்டிக்கொண்டால் அமுக்குப் பொத்தான் பட்டென்று விட்டுக்கொடுக்கும், ஆள் தப்பிப்பான். அதுவரை வந்த கைப்பட்டிப் பூட்டுகளெல்லாம் கழலாமல் இருக்கப் பாடுபட்டவை. சரியான நேரத்தில் கழலவேண்டும் என்று யோசித்தது இந்தத் தொழிலாளிச் சட்டைதான்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. கஞ்சி போனது, துணி மென்மையானது, பொத்தானை இயந்திரமே மலிவாகத் தைத்தது, வீட்டுக்குச் சலவை இயந்திரம் வந்தது. துவைப்பதும் உடுத்துவதும் ஒரே ஆள் என்றான பிறகு பொத்தானும் துணியும் பிரிந்திருக்கக் காரணமில்லை. கஃப்லிங்க் கல்யாணத்துக்கும் நீதிமன்றத்துக்கும் ஒதுங்கியது.

மலேசியாவில் ஓர் உடை மட்டும் பழைய ஏற்பாட்டைக் கைவிடவில்லை. பாஜு மெலாயுவின் நின்ற கழுத்து வகையில், அதாவது செக்காக் மூசாங்கில், வழக்கமாக ஐந்து பொத்தான்கள். அவற்றைப் பெரும்பாலும் தைப்பதில்லை. கல் பதித்த ஐந்தும் ஒரு செட்டாக, சில சமயம் சங்கிலியால் கோத்து, தனியாக விற்கப்படும். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் பசார்களில் வெல்வெட் அட்டையில் வரிசையாக மின்னுவதைப் பார்க்கலாம். பெருநாள் முடிந்து சட்டை கெடாய் டோபியின் இயந்திரத்துக்குப் போகும்போது ஐந்தும் கழன்று ஒரு சின்ன டப்பாவுக்குள் போகின்றன. அடுத்த ஆண்டு திறந்து பார்க்கும்போது அநேகமாக நாலுதான் இருக்கும்.